வெள்ளை ஆகாத கேமரா

திங்கட்கிழமை காலையில் கொடியில் துணி காயப்போடும்போதுதான் டெல்லா கிரிம்ஸுக்கு இந்த உலகத்தின் மேல் கொஞ்சம் மரியாதை வரும். அதுவும் தன் வீட்டுக் கொடியைப் பார்க்கும் வரைக்கும்தான். பக்கத்து வீட்டுக் கொடி கண்ணில் பட்டால் வந்த மரியாதை போய்விடும்.

"அந்தப் போர்வையப் பாரு லியோட்டா. அத வெள்ளைன்னு சொல்லிக் காயப்போட ஒரு தைரியம் வேணும்" என்பாள் மகளிடம்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் அவர்கள் ஊரில் பெண்களை அளக்க வேறு கோல் கிடையாது. ஒருத்தி பாட்டு பாடலாம், பைபிளை மனப்பாடமாகச் சொல்லலாம். கொடியில் தொங்கும் தலையணை உறை பழுப்படித்தால் எல்லாம் வீண். அப்பா போன பிறகு ஊர்த்துணி வெளுத்துத்தான் அவர்கள் வீடு ஓடியது. லியோட்டா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டுத் தொட்டியருகே வந்து நின்றாள். சோடா எவ்வளவு, நீலம் எவ்வளவு, எந்த வெயிலில் எதைக் காயவைப்பது என்பதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. பேச்சு மட்டும் வரவில்லை. யாராவது பெயர் கேட்டால் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள். ஆனால் பார்வையில் குறை சொல்ல முடியாது. ஒரு காலரைப் பார்த்து, அதைப் போட்டிருந்தவர் பிரசங்கத்தின்போது எந்தப் பக்கமாகத் தலை சாய்த்துத் தூங்கினார் என்பது வரை கண்டுபிடித்துவிடுவாள். சொல்லத்தான் வாய் எழாது.

அண்ணன் கல்யாணம் செய்துகொண்டான். ஈனிட் என்று ஒரு பெண் வந்தாள். வந்த வருஷமே சர்க்கரை டப்பா பூட்டுக்குள் போனது. அடுத்து நாற்காலிகள். சமையல்கட்டில் இடம் போதவில்லை, மாமியாருக்கும் நாத்தனாருக்கும் ஒரு நாற்காலி போதும், ஒருத்தர் உட்கார்ந்தால் ஒருத்தர் நின்றுகொள்ளலாம் என்று ஈனிட் தீர்மானித்தாள். டெல்லா தன் தேய்ப்புப்பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கலிபோர்னியா ரயில் ஏறிவிட்டாள். அந்த வருஷங்களில் பாதி அயோவா அங்கேதான் போய் இறங்கிக்கொண்டிருந்தது.

லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் லியோட்டாவுக்கு வேலை கிடைத்தது. சிறிய வீடு, இரண்டு நாற்காலி. ஆளுக்கொன்றில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அது ஒரு சுகம். பிறகு நாடு முழுக்கத் தொழில் மந்தம் வந்து ஹோட்டலை மூடினார்கள். வேலை தேடித் தேடி லியோட்டாவின் செருப்பு தேய்ந்தது. ஒரு நாள் டெல்லா, "ஈனிட் இப்ப கொஞ்சம் மாறியிருப்பா" என்றாள். அவள் குரலில் நம்பிக்கை ஒரு பொட்டுக்கூட இல்லை.

அப்போதுதான் கல்வர் சிட்டியில் ஒரு ஸ்டுடியோவில் துணி வெளுக்க ஆள் தேவை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். முன்பு இருந்தவள் கல்யாணம் ஆகி சான் டியாகோ போய்விட்டாளாம்.

லியோட்டா போய் நின்ற நேரம் அப்படி. அந்த ஸ்டுடியோ தன் முதல் முழுநீளக் கலர் படத்தை எடுத்துக்கொண்டிருந்தது. அதுவரை கருப்பு வெள்ளையில் எடுத்துப் பழகியவர்கள் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். கலர் கேமரா என்று ஒன்று வந்திருந்தது. ஐஸ் பெட்டி அளவு இருக்கும். உள்ளே மூன்று பிலிம் சேர்ந்தாற்போல் ஓடும், சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. அதைத் தள்ள நாலு பேர் வேண்டும். அதற்கு வெளிச்சம் எவ்வளவு கொட்டினாலும் பசி தீராது. பழைய விளக்குகளோடு இன்னொரு மடங்கு விளக்கு ஏற்றினார்கள். செட்டுக்குள் போனால் ரொட்டி அடுப்புக்குள் போனது மாதிரி. காலையில் மொடமொடப்பாகச் சட்டை போட்டுக்கொண்டு போன நடிகர் மதியம் பிழிந்தெடுத்தது போல வெளியே வருவார்.

உடைப் பிரிவின் தலைவி அராக்ஸி பெட்ரோஸ்யான். பிரெஸ்னோவிலிருந்து வந்த ஆர்மீனியக்காரி. வாயில் எப்போதும் பத்துக் குண்டூசி இருக்கும், அவற்றின் இடுக்கு வழியாகவே அதட்டுவாள், திட்டுவாள், சிரிப்பாள்.

"பேரென்ன சொன்ன? லியோட்டாவா? சரி லியோட்டா, அந்தக் கூடைங்கள்ல இருக்கற சட்டையெல்லாம் அலசித் தேச்சு வெச்சாப் போதும். வேற ஒண்ணும் பண்ண வேணாம். நாளைக்கு நடன சீன். எல்லாரும் அதத்தான் போட்டுக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள். கதாநாயகியின் கவுனுக்கு இடுப்பு சரியில்லை என்று ஓடிவிட்டாள்.

சலவைக் கொட்டகையில் தனியாக நின்று லியோட்டா கூடையைத் திறந்தாள். திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எல்லாம் விருந்துக்குப் போடும் மார்பு விறைத்த சட்டைகள். உயர்ந்த துணி, கை வேலை செய்த பொத்தான் துளை. ஆனால் நிறம்? பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறம். ஒன்று இரண்டு அல்ல, கூடை கூடையாக அத்தனையும். இவ்வளவு பெரிய ஸ்டுடியோ, இவ்வளவு அழுக்கா? அந்த அம்மா அலசினால் போதும் என்றது புதிதாக வந்தவளின் மேல் இரக்கப்பட்டு என்று லியோட்டா நினைத்துக்கொண்டாள். இல்லாவிட்டால் வெட்கப்பட்டுச் சொல்லியிருக்கும். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வாய் வந்தால் அவள் லியோட்டா இல்லையே. அதோடு, இந்தச் சட்டைகளை இப்படியே அலசிக் கொடியில் போட்டு அதை அம்மா பார்த்தால்?

கையை மடித்து விட்டுக்கொண்டாள். சோடாவில் வேகவைத்தாள். வெளுப்புத் தண்ணீரில் ஊறவைத்தாள். அலசி அலசி, கடைசித் தண்ணீரில் நீலத்தை அளவாகக் கரைத்து முக்கினாள். கலிபோர்னியாவில் தேறும் ஒரே பொருள் என்று டெல்லா ஒத்துக்கொண்ட வெயில் மீதியைச் செய்தது. சாயங்காலம் கொடியைப் பார்க்கக் கண் கூசியது. தன் ஆயுளில் அப்படி ஒரு வெள்ளையை வெளுத்ததில்லை என்று லியோட்டாவுக்குத் தோன்றியது. மறுநாள் விடிந்ததும் வந்து தேய்த்து, அடுக்கி, வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு உடைப் பிரிவுக்குப் போனாள். யாராவது ஏதாவது நல்ல வார்த்தை சொன்னால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று போகும் வழியெல்லாம் யோசித்தாள்.

அராக்ஸி திரும்பிப் பார்த்தாள். வாயிலிருந்த குண்டூசிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

"இத யாரு பண்ணது?"

லியோட்டா பள்ளிக்கூடத்தில் தூக்குவது மாதிரி கையைத் தூக்கினாள்.

"என் டீ எங்க?"

"டீயா?"

"சட்டையில இருந்த டீம்மா! நான் கைப்பட முக்கின டீ!"

"நான் அழுக்குன்னு..."

"அழுக்கா!" அராக்ஸி ஒரு சட்டையை எடுத்து விளக்குப் பக்கம் பிடித்தாள். பிடித்துவிட்டுத் தன் கண்ணையே மூடிக்கொண்டாள். "ஏம்மா பொண்ணே, வெள்ளை அந்தக் கேமராவுக்கு ஆகாது. வெள்ளையக் கண்டா அதுக்குப் பேய் புடிச்ச மாதிரி. சட்டை தனியா எரியும், மேல இருக்கற மூஞ்சி கரிச்சட்டியாயிடும். அதுக்குத்தான் எல்லாத்தையும் டீயில முக்கறது. மேசைத்துணி, ஏப்ரன், கல்யாணப் பொண்ணு முக்காடு வரைக்கும்!"

கலர் கேமரா கம்பெனிக்காரர்கள் கேமராவோடு ஒரு ஆலோசகரையும் அனுப்பியிருந்தார்கள். விட்டிகர் என்று பெயர், ஒல்லியான மனிதர். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் நிற்கலாம் என்பதெல்லாம் அவர் தலையாட்டினால்தான். சோபா சிவப்பாக இருந்தால் நாயகியின் கவுனும் சிவப்பாக இருக்கக் கூடாது என்பார். கிண்ணத்தில் இருக்கும் ஆரஞ்சுப் பழம் ரொம்பச் சத்தம் போடுகிறது என்று எடுக்கச் சொல்வார். கழுத்தில் ஒரு நாடாவில் கருநீலக் கண்ணாடிச் சில்லு ஒன்று தொங்கும். அது வழியாகப் பார்த்தால் பிலிமில் எப்படி விழும் என்று தெரியும். அவர் சத்தம் கேட்டு வந்தார். யாரையும் திட்டவில்லை. ஒரு சட்டையைத் துணை நடிகர் ஒருவருக்கு மாட்டி விளக்கின் கீழ் நிறுத்தி, கண்ணாடிச் சில்லைக் கழற்றி லியோட்டாவிடம் கொடுத்தார்.

"நீங்களே பாருங்கம்மா."

பார்த்தாள். சட்டை மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. ஆளைக் காணோம்.

"அந்த மனுஷன் எங்கங்க?" என்றாள் தன்னையறியாமல்.

"அதாம்மா விஷயம்" என்றார் விட்டிகர்.

அதற்குள் உதவி இயக்குநர் கிராடக் வந்துவிட்டார். கழுத்து நரம்பு புடைக்கப் பேசும் ஆள். "ரெண்டு மணிக்கு நடனம். இசைக்காரங்க வந்தாச்சு, விளக்கு வெச்சாச்சு, ஆடறவங்க அத்தன பேரும் உள்ளாடையோட நிக்கறாங்க. ரெண்டு மணிக்கு இந்தச் சட்டைங்க சரியாகலேன்னா, இந்தம்மா சாயங்காலம் கணக்க முடிச்சிட்டுக் கெளம்பட்டும். நேத்து வந்தாங்க, இன்னிக்குப் போகட்டும்."

லியோட்டாவின் கண்ணுக்கு முன்னால் ஈனிட்டின் சமையல்கட்டு வந்தது. அந்த ஒற்றை நாற்காலி வந்தது. அதில் அம்மா உட்கார்ந்திருந்தாள், தான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"சரி, முக்கிடலாம்" என்று அராக்ஸி அலமாரியைத் திறந்தாள். தேயிலைப் பெட்டி காலி. முந்தின நாள்தான் விருந்து மேசைத்துணிகளுக்குக் கொட்டியிருந்தாள்.

"காபி?" என்றார் கிராடக். "கேன்டீன்ல அண்டா அண்டாவா இருக்கு."

விட்டிகர் தலையை ஆட்டினார். "வேணாம். காபி மஞ்சளடிக்கும். போன படத்துல ஒருத்தர் அப்படித்தான் பண்ணாரு. படம் பாத்தவங்க மாப்பிள்ளைக்குக் காமாலைன்னு நெனச்சுக்கிட்டாங்க."

"கடையில?"

"இந்த ஊருல டீன்னா காய்ச்சக்காரங்க குடிக்கறது" என்றாள் அராக்ஸி. "மருந்துப் பொட்டலம் மாதிரி கையளவு வெச்சிருப்பான். டவுனுக்கு ஆள் அனுப்பி வாங்கிட்டு வரதுக்குள்ள பொழுது போயிடும்." பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "இங்கிலீஷ்காரங்க."

அந்தப் படத்தில் பிரபுக்களாக நடிக்க இங்கிலாந்துக்காரர்கள் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். செட்டின் ஒரு மூலையைத் தங்கள் நாடாகவே ஆக்கிவிட்டார்கள். அங்கே ஒரு கெட்டில், பீங்கான் கோப்பைகள், பெரிய தகரப் பெட்டி நிறையத் தேயிலை. நாலு மணிக்கு உலகம் அழிந்தாலும் டீ குடித்துவிட்டுத்தான் மறு வேலை. பெட்டியின் சாவி தோர்ன்பரி என்ற பெரியவரிடம். முப்பது படங்களில் டியூக் என்ற பெரிய பிரபுவாக நடித்தவர். மீன் விற்றவரின் மகன் என்று சொல்வார்கள்.

"நான் போய்க் கேக்கமாட்டேன்" என்றாள் அராக்ஸி. "போன வாரம்தான் அந்தாளு தொப்பையப் பத்தி ஒரு வார்த்த விட்டேன். நீ வெளுத்த, நீயே போய்க் கேளு."

லியோட்டா நடந்தாள். கால் போனது, மனசு பின்னாலேயே நின்றுவிட்டது.

தோர்ன்பரி கேன்வாஸ் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேலே டியூக்கின் கோட்டு, மார்பில் பதக்கங்கள், உள்ளே வெறும் பனியன். பக்கத்தில் அதே கோலத்தில் இன்னும் நாலைந்து பிரபுக்கள். நாற்காலிகளின் முதுகில் அவரவர் பெயர். லியோட்டா எதிரே போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னம்மா, சட்டை வந்துதா?"

"இல்லீங்க."

"வேறென்ன?"

"டீ..."

"நாலு மணிக்குத்தாம்மா. அப்ப வந்து ஒரு கப் வாங்கிக்க."

"ஒரு கப் இல்லீங்க. எல்லாம்."

பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. அடுத்தடுத்த நாற்காலிகளிலும் பேப்பர்கள் இறங்கின.

"எல்லாமேவா?" என்றார் தோர்ன்பரி. "எதுக்கும்மா?"

"உங்க சட்டைய முக்கறதுக்கு."

ஒரு பிரபு இருமினார். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று லியோட்டாவுக்குத் தெரிந்திருந்தது. செருப்பைப் பார்த்துக்கொண்டே கொட்டிவிட்டாள். "அழுக்குன்னு நெனச்சு நான் வெளுத்துட்டேங்க. அலசினாப் போதும்னு சொன்னாங்க, நான்தான் கேக்கல. கேமராவுக்கு வெள்ளை ஆகாதாம். ரெண்டு மணிக்குள்ள சரியாகலேன்னா நான் அயோவாவுக்குப் போயிடணும். அங்க அண்ணி வீட்டுல எங்க அம்மாவுக்கும் எனக்கும் சேத்து ஒரு நாற்காலிதான் இருக்கு."

"ஒரே நாற்காலியா?"

"ஒண்ணே ஒண்ணுங்க."

தோர்ன்பரி தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். எழுந்தார். பதக்கங்கள் கிலுங்கின.

"பசங்களா, நாட்டுக்காக டீயத் துறந்தவங்க உண்டா?"

"கிடையாது" என்றது ஒரு குரல். "கேட்டாக்கூட குடுத்திருக்கமாட்டோம்."

"இன்னிக்கு ஒரு நாற்காலிக்காகத் துறக்கறோம். ஆனா ஒண்ணும்மா, டீ நான்தான் போடுவேன். இந்த ஊர்க்காரங்ககிட்ட குடுத்தா, தேயிலைய வெந்நீருக்குத் தூரத்துல இருந்து காட்டிட்டு எடுத்துடுவாங்க."

சலவைக் கொட்டகைக்கு இப்படி ஒரு ஊர்வலம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பனியன் போட்ட பிரபுக்கள் முன்னால் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பின்னால் அராக்ஸி, அவளுக்குப் பின்னால் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கிராடக். பெரிய செப்புத் தொட்டியில் தண்ணீர் வைத்தார்கள்.

"தளதளன்னு கொதிக்கட்டும்" என்றார் தோர்ன்பரி துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு. "தொட்டிய முதல்ல சூடு பண்ணீங்களா?"

"யோவ் டியூக்கு, இது சட்டைக்கு. உன் வயித்துக்கு இல்ல" என்றாள் அராக்ஸி.

"டீன்னா டீதான் அம்மணி. எங்க போனாலும் அதுக்கு ஒரு மரியாதை இருக்கு. என் வயித்தப் பத்தி நீங்க போன வாரமே நெறையப் பேசிட்டீங்க."

"அந்தக் கோட்டு உன்மேல பூட்டினப்ப அழுத சத்தம் எனக்குத்தான் கேட்டுது. பேசாம எப்படி இருக்கறது?"

தேயிலை கொட்டியதும் கொட்டகை முழுக்க மணம் எழும்பியது. பிரபுக்களின் முகம் தானாக மலர்ந்தது. மூக்கை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவராகத் தொட்டியருகே வந்தார்கள். அவர்களில் ஒருவர், ஒட்டு மீசைக்காரர், கெட்டிலோடு பழக்கதோஷத்தில் பால் ஜாடியையும் எடுத்து வந்திருந்தார். எல்லோரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் கை தன்பாட்டில் ஜாடியைச் சாய்க்கப் போனது.

"பால் வேணாம்!"

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அராக்ஸி சுற்றிலும் பார்த்தாள். லியோட்டா. மீசைக்காரரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "பால் பட்டா திட்டுத் திட்டாப் புடிக்குங்க. அந்த விளக்குச் சூட்டுல நாத்தமெடுக்கும்."

"மன்னிச்சிக்கம்மா" என்றார் அவர் பயந்துபோய். "கை தானாப் போயிடுச்சு. பிறந்ததுலருந்து பழக்கம்."

"பாலக் கடைசியில ஊத்தறவன் நீ. உன்ன நம்பி இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தது என் தப்பு" என்றார் தோர்ன்பரி. பால் முதலிலா கடைசியிலா என்று அங்கேயே சண்டை மூண்டது. கிராடக் கத்தி அதை அடக்கினார்.

லியோட்டா முக்கினாள், எடுத்தாள், பிழிந்தாள். பக்கத்தில் இரண்டு பெண்கள் தேய்த்தார்கள். விட்டிகர் கண்ணாடிச் சில்லை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்", "இது போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"உங்க வேலையும் எங்க வேலையும் ஒண்ணுதாம்மா" என்றார். "நீங்க இப்ப பண்றதத்தான் எங்க லேபரட்டரியில பிலிமுக்குப் பண்றாங்க. ஒரு பிலிம சாயத்துல முக்கி, இன்னொரு பிலிம் மேல வெச்சு அழுத்தி எடுக்கறது. ஒரு நெறத்துக்கு ஒரு தரம். தியேட்டர்ல நாம பாக்கற கலரெல்லாம் அப்படி அழுத்தி எடுத்த சாயம்தான்."

"அது வெளுக்காதுங்களா?"

"உங்க கையில குடுக்காத வரைக்கும் வெளுக்காது."

லியோட்டா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே பிழிந்தாள்.

கடைசிச் சட்டைகளுக்கு வந்தபோது தொட்டியில் சாரம் குறைந்துவிட்டது. அவை கொஞ்சம் வெளிறித்தான் வந்தன. விட்டிகர் யோசித்துவிட்டு, "வெளிறினதப் போட்டவங்க பின்வரிசை. அங்க வெளிச்சம் கம்மி" என்றார். பின்வரிசை என்று தெரிந்ததும் இரண்டு துணை நடிகர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். அராக்ஸி அவர்களுக்கு நேராக ஒரு குண்டூசியைக் காட்டினாள். அவ்வளவுதான்.

இரண்டு மணிக்கு விளக்குகள் எரிந்தன. இசை கிளம்பியது. இளம்பச்சைத் திரைக்கு முன்னால் கவுன்கள் சுழன்றன. லியோட்டா ஒரு தூணுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சூடு ஏற ஏற ஆடுகிறவர்களுக்கு வேர்த்தது. வேர்க்க வேர்க்கச் சட்டைகளிலிருந்து ஒரு மணம் கிளம்பியது. கேமராவைத் தள்ளுகிறவர்கள் வரைக்கும் மூக்கை உறிஞ்சினார்கள். டியூக்கின் கையைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்த நாயகி வசனத்தை விட்டுவிட்டு, "இங்க யாரு டீ போடறது?" என்றாள்.

"நான்தாம்மா" என்றார் தோர்ன்பரி ஆட்டத்தை நிறுத்தாமல். "என்னப் புழிஞ்சா ஒரு கப் தேறும்."

நாயகி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆடியவர்கள் சிரித்தார்கள். அந்த ஷாட் வீணாகிப்போனது. அடுத்த ஷாட்டில் அந்தச் சிரிப்பின் மிச்சம் எல்லோர் முகத்திலும் இருந்தது. இயக்குநர் அதுதான் வேண்டும் என்று வைத்துக்கொண்டார்.

கிராடக்குக்கு மட்டும் ஆறவில்லை. சாயங்காலம் விட்டிகரையும் கூட்டிக்கொண்டு உடைப் பிரிவுக்கு வந்தார். லியோட்டா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நின்றிருந்தாள்.

"ஒரு ஷாட் போச்சு. நாலு மணிக்கு டீ இல்லேன்னு இங்கிலீஷ்காரங்க பாதிப் பேர் தலைவலின்னு படுத்துட்டாங்க. இந்தம்மாவ அனுப்பிடு அராக்ஸி."

அராக்ஸி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சட்டையை எடுத்து அவர் கையில் திணித்தாள். அது படம் ஆரம்பித்த நாளிலிருந்து இருந்த சட்டை, கூடையில் சேராமல் தப்பியது.

"இதப் பாரு. வேர்வையில சாயம் திட்டாப் போகும். நான் திரும்ப முக்குவேன். முக்க முக்க நெறம் ஏறிக்கிட்டே போகுது. ஆளு வாசப்படியில நிக்கறப்ப ஒரு நெறச் சட்டை, அடுத்த வாரம் எடுக்கற சீன்ல உள்ள காலெடுத்து வெச்சதும் வேற நெறச் சட்டை. விட்டிகர் தினமும் என் உயிர எடுக்கறாரு. பழைய டீய எடுக்க நானும் என்னென்னமோ போட்டுப் பாத்தேன், போகல. இவ பொட்டு இல்லாம எடுத்துட்டா. மொதல்ல இருந்து ஆரம்பிக்கற மாதிரி சட்டை இன்னிக்குத்தான் எனக்குக் கெடச்சுது. வாரக் கடைசியில இவ வெளுக்கட்டும். திங்கக்கெழம ரெண்டு பேரும் முக்கறோம். எல்லாம் ஒரே நெறம்."

"அப்ப, வெளுக்கறதுக்கு ஒரு சம்பளம், அத அழுக்காக்கறதுக்கு இன்னொரு சம்பளமா?"

"ஆமா. இதுக்குப் பேருதான் கலர் படம்."

கிராடக் விட்டிகரைப் பார்த்தார். விட்டிகர் தலையை ஆட்டினார். அந்தப் படத்தில் அந்தத் தலை ஆடினால் ஆடியதுதான். கிராடக் சட்டையைத் திருப்பி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

"பையக் கீழ வை லியோட்டா ஜான்" என்றாள் அராக்ஸி. ஜான் என்பது அவர்கள் பாஷையில் பிரியமானவர்களைக் கூப்பிடுவது. "இனிமே தெரியலேன்னா வாயத் தொறந்து கேளு. இன்னிக்குப் பாலுக்குக் கத்தின பாரு, அந்த வாய்."

வீட்டில் டெல்லா இரண்டு தட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நடந்ததை லியோட்டா சொன்னாள். டெல்லா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நல்லா வெளுத்து, திரும்பப் பாழ் பண்ணணும். அதுக்குக் காசு குடுக்கறாங்க."

"ஆமாம்மா."

டெல்லா கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள். "சரி, வேலைதானே. ஆனா இத அயோவாவுக்கு எழுதாத."

அடுத்த வாரம் உடைப் பிரிவின் மூலையில் ஒரு கேன்வாஸ் நாற்காலி வந்து நின்றது. முதுகில் லியோட்டா என்று எழுதியிருந்தது. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. நாலு மணிக்கு ஒட்டு மீசைக்காரர் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். பால் முதலில் ஊற்றியதா கடைசியில் ஊற்றியதா என்று அவள் கேட்கவில்லை.

அந்த நாற்காலியில் லியோட்டா பல வருஷம் உட்கார்ந்தாள். எத்தனையோ கலர் படங்கள் வந்தன. நர்ஸ்களின் கவுன், சமையல்காரர்களின் தொப்பி, கப்பல் மாலுமிகளின் கால்சட்டை, எல்லாம் அவள் தொட்டியில் இறங்கி ஏறின. கூச்சம் முழுக்கப் போகவில்லை. ஆனால் புதிதாக யாராவது வேலைக்கு வந்தால் அவளாகவே எழுந்து போய், "அது அழுக்கு இல்ல, தெரியுமா?" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள்.

அந்த முதல் படம் மறு வசந்தத்தில் வெளியானது. லியோட்டா அம்மாவைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனாள். டெல்லா அதுவரை கலர் படம் பார்த்ததில்லை. தோட்டம் வந்தது, பூ வந்தது, நாயகியின் கவுன் வந்தது. எதற்கும் அவள் அசரவில்லை. நிஜத்திலும் அப்படித்தானே இருக்கிறது, இதில் என்ன அதிசயம் என்பது மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நடன சீன் வந்தது. இளம்பச்சைத் திரைகள் விலகின. டியூக் முன்னால் வந்து குனிந்து வணங்கினார். அவர் மார்பில் சட்டை, பனி விழுந்த காலை மாதிரி, பளீரென்ற வெள்ளை. பின்னால் வரிசை வரிசையாக அதே வெள்ளை.

டெல்லா முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "லியோட்டா! சட்டையப் பாரு! இதாண்டி வெள்ளை!"

"அம்மா, மெதுவா."

முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். டெல்லா அவளிடம், "எம் மக வெளுத்தது" என்றாள்.

லியோட்டா அம்மாவின் காதருகே குனிந்தாள். "அம்மா, அதான் அந்தச் சட்டை. டீயில முக்கினது. நான் சொன்னேன்ல?"

"எங்க டீ? காட்டு பாப்போம்."

"கேமராவுல அப்படித் தெரியுதும்மா. நேர்ல பழுப்பு."

டெல்லா திரையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். மெல்ல அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எல்லாம் புரிந்துவிட்ட சிரிப்பு. மகளின் கையைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினாள்.

"அவங்களுக்குத் தெரியாம நீ வெளுத்துத்தான் குடுத்திருக்க" என்றாள் தணிந்த குரலில். "எங்கிட்டயே மறைக்கற பாத்தியா. போகட்டும், நான் வாயத் தொறக்கமாட்டேன்."

லியோட்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா இப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

திரையில் டியூக் நாயகியோடு ஒரு சுற்று சுற்றினார். டெல்லா சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு முதல் வேலையா ஈனிட்டுக்கு எழுதிப் போடு" என்றாள். "இந்தப் படம் அங்க வந்தா கட்டாயம் போய்ப் பாக்கச் சொல்லு."